ஏற்கெனவே கேட்ட மெட்டு

விளமீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு அடுப்படிக்குப் பின்னால், குழாயை ஒட்டி ஒரு பலகைக்கல் கிடக்கிறது. மீன் ஆய்வது எப்போதும் அதில்தான். ஈஸ்டர் முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்த காலம்.

வழக்கமாக நான் தேதியும் கிழமையும் போட்டு எழுதுகிறவள். இந்தத் தொடரின் போன அத்தியாயம் ரயில் அட்டவணை போல இருந்ததாகப் பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார். அதனால் இந்த முறை கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பின்வாசல் நிலையில் வந்து சாய்ந்து நின்றார். பனியன், தோளில் துண்டு. பெயர் ராயப்பன். தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலில் ஏறுகிற, இறங்குகிற மூட்டைகளைக் கணக்கெடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் எங்கள் தெருவுக்கு அவரைத் தெரிவது கோயில் பாட்டுகளுக்கு மெட்டுப் போடுகிறவராக.

“ஏளா செல்வி, கொஞ்சம் கைய நிறுத்து.”

நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். சொல் கிடையாது, வெறும் தன்னன்னாதான். கீழே தொடங்கிப் படிப்படியாக ஏறி, உச்சிப் படியில் கால் வைப்பதுபோலப் போக்குக் காட்டிவிட்டு, அங்கிருந்து சறுக்கி இறங்குகிற மெட்டு. சறுக்கும் இடத்தில் கையிலிருந்த மீனைக் கல்லில் வைத்துவிட்டேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. நெஞ்சுவலி வந்து ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு அவர் மெட்டே போடவில்லை. ஆர்மோனியப் பெட்டியின் மேல் மருந்து டப்பாக்கள்தான் இருந்தன. சில வருடங்களுக்குப் பிறகு வந்த முதல் மெட்டு இது.

முடித்துக் கண்ணைத் திறந்தவர் என் முகத்தைத்தான் பார்த்தார்.

“நல்லாருக்கு,” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா கேட்ட மாதிரி இருக்கே.”

“எங்க?”

“அதான் பிடிபடல.”

“சினிமாவா?”

“இருக்கலாம். அந்தச் சறுக்கி எறங்குத இடம் எனக்கு நல்லாத் தெரியும். நிச்சயமாக் கேட்டிருக்கேன்.”

தலையை ஆட்டினார். துண்டை உதறி மறுதோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் மீனைத் திருப்பி மறுபக்கம் உரசத் தொடங்கினேன்.

பின்வரிசைப் பையன்கள்

கேட்ட மாதிரி இருந்தால் என்ன, பாடிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் மாதா கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாக் கொடியேற்றத்தன்று மாலை ஒரு புதுப்பாட்டுப் பாட வேண்டும். பாடகர் குழுவைத் தவிர யாரும் அதுவரை அதைக் கேட்டிருக்கக் கூடாது. பயிற்சி நடக்கும்போது பாடகர் மாடத்தின் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கொடி கயிற்றில் ஏறத் தொடங்கும்போது முதல் அடி. உச்சியில் விரியும்போது பாட்டு முடிய வேண்டும்.

எனக்கும் அவருக்கும் கல்யாணம் ஆவதற்கு முன்னால், அவர் போட்ட முதல் மெட்டு அப்படிக் கொடியேற்றத்துக்கு வந்தது. இரண்டாவது சரணத்தில் பின்வரிசையிலிருந்து சில பையன்கள் சேர்ந்து பாடினார்கள். பாடியது வேறு வரி. அதே மெட்டில் ஒரு சினிமாப் பாட்டு, அதுவும் மழையில் நனைகிற பாட்டு. மாதா கொடி பாதிக்கம்பத்தில் நிற்க, கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

அவர் திருடவில்லை. தேநீர்க்கடை ஒலிபெருக்கியில் எப்போதோ காதில் விழுந்தது உள்ளே கிடந்து, சொந்தச் சரக்கு போல வெளியே வந்திருக்கிறது. அதை யாரிடம் சொல்லி நம்பவைப்பது? துறைமுகத்தில் ரொம்ப காலம் அந்தப் பட நாயகியின் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அதன் பிறகுதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் வீடு அப்போது கீழவைப்பாரில். கடலுக்கு அந்தப் பக்கத்து வானொலி அங்கே உள்ளூர் நிலையம் போலக் கேட்கும். எந்தப் பாட்டு ஒலித்தாலும் படம், வருடம், யார் இசை என்று சொல்லிவிடுவேன். அது எங்கள் ஊரில் எனக்கிருந்த ஒரே புகழ்.

காப்பி குடித்துவிட்டு, “பொண்ணுகிட்ட ஒண்ணு கேக்கணும்,” என்றார் மாப்பிள்ளை. பாடத் தெரியுமா என்று கேட்பார் என நினைத்தோம். அவர் தாழ்ந்த குரலில் ஒரு மெட்டை முனகிவிட்டு, “இத எங்கயாவது கேட்டிருக்கீங்களா?” என்றார்.

“பல்லவி சினிமா. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது வந்த படம். சரணம் கேட்டதில்ல,” என்றேன்.

அவர் தன் அம்மாவைப் பார்த்து, “எனக்குச் சம்மதம்,” என்றார்.

என் அத்தை பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எனக்கும் கேட்டது. “இவனுக்குப் பொண்டாட்டி வேணுமா, போலீசு வேணுமா?”

அன்றிலிருந்து என் காதைத் தாண்டாமல் ஒரு மெட்டும் பாடகர் மாடத்துக்கு ஏறியதில்லை. பின்வரிசையும் அதற்குப் பிறகு வேறு வரி பாடியதில்லை.

நாகர்கோவில் வாசகியின் கேள்வி

இந்தத் தொடரைப் படிக்கும் நாகர்கோவில் வாசகி ஒருவர், ஈஸ்டருக்குச் சற்று முன் எழுதியிருந்தார். அவருடைய மகளுக்குப் பார்த்திருக்கும் பையன் சென்னையில் இசையமைப்பாளர். ‘பாட்டுப் போடுகிறவனுக்குக் கல்யாணம் உதவியா, உபத்திரவமா? உங்களுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?’ என்று கேட்டிருந்தார்.

கடிதம் வந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். இசைக்காரர்களின் வாழ்க்கை வரலாறுகளை, நம்மூர்க்காரர்கள் வெளிநாட்டுக்காரர்கள் என்று பார்க்காமல் படித்திருக்கிறேன். கல்யாணமே வேண்டாம் என்று கோயில் வாசலில் உட்கார்ந்து பாடியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு தாரம் கட்டி, வீடு நிறையப் பிள்ளைகளோடு, அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே பாட்டாக எழுதித் தள்ளியவர்களும் இருக்கிறார்கள். கணக்குப் போட்டால் எந்தப் பக்கமும் சாயவில்லை.

அந்தப் புத்தகங்களில் மனைவி வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். காப்பி கொண்டுவரும்போது ஒன்று, முன்னுரையில் நன்றி சொல்லும்போது ஒன்று. மெட்டை முதலில் கேட்டது யார், கேட்டவள் முகம் எப்படிப் போனது, அதைப் பார்த்து அவர் எதைத் தூக்கிப் போட்டார் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

‘உதவிதான், சந்தேகமே வேண்டாம்’ என்று வாசகிக்குப் பதில் எழுதத் தாள் எடுத்துவைத்திருந்தேன். மீன் ஆய்ந்த அந்தக் காலை அதற்குள் வந்துவிட்டது.

தேடல்

மறுநாள் பங்குச்சாமியாரோடு அவர் போனில் பேசுவது எனக்குக் கேட்டது.

“சாமி, இந்த வருசமும் என்னால ஆகாது. வேற ஏற்பாடு பண்ணிக்கிடுங்க.”

சாமியார் இளவயசுக்காரர், நல்ல மனிதர். சென்னையில் பின்னணி இசையோடு தயாராகவே பாட்டுக் கிடைக்கும், கவலைப்பட வேண்டாம் என்று அவர் தேறுதல் சொன்னது போனைத் தாண்டிக் கேட்டது.

போனை வைத்தவர் சன்னலோரம் உட்கார்ந்தார். நான் காப்பியைக் கொண்டு வைத்தேன்.

“வடிஞ்சிட்டு போல,” என்றார்.

“என்னது?”

“உள்ள இருந்தது. திரும்ப ஒண்ணு வந்துச்சேன்னு நெனச்சேன். அதுவும் எவனோ போட்டதா இருக்கு.”

அந்தக் குரலை நான் ஆஸ்பத்திரியில்கூடக் கேட்டதில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இது ஒரு திருவிழாப் பாட்டைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. இந்த மெட்டு போனால் இனி அவர் பெட்டியைத் தொட மாட்டார்.

ஒன்று, இது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். எந்த இடம் ஒட்டுகிறது என்று தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அல்லது அப்படி ஒரு பாட்டே இல்லை என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிரூபிப்பது?

தேடினேன். எனக்குத் தெரிந்த படங்களை வருட வரிசையில் மனதில் ஓட்டினேன். செல்போனில் முனகிக் காட்டினால் பாட்டைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது என்று எங்கள் மகள் சொன்னாள். முனகினேன். முதலில் ஒரு கொரியப் பாட்டு வந்தது. இன்னொரு தடவை, சலவைத்தூள் விளம்பரம் வந்தது.

புராட்டஸ்டன்ட்காரர்கள் வேதக்கோயிலில் பாடுகிற பாமாலையாக இருக்குமோ என்று சாயர்புரத்துக்குப் பஸ் ஏறினேன். என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி அங்கே இருக்கிறாள், பரம்பரையாக ஆலயத்தில் பாடுகிற குடும்பம். இரண்டு முறை பாடச் சொல்லிக் கேட்டாள்.

“எங்கள்ல இல்ல,” என்றாள். “ஆனா நீ பாடுதது, பல வருசமாப் பாடிப் பழகின பாட்டு மாதிரி இருக்கு.”

அவள் சொன்னது என் சந்தேகத்தை இன்னும் இறுக்கிவிட்டது. கடைசியில் எங்கள் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் மெற்றில்டாவிடம் பாடிக் காட்டினேன். “எனக்குப் புதுசாத்தான் இருக்கு, அக்கா. ஆனா உங்களுக்கே கேட்ட மாதிரி இருக்குன்னா, நான் எப்படி இல்லன்னு சொல்ல?” என்றாள். என் காதின் மேல் ஊருக்கு அவ்வளவு நம்பிக்கை.

கனி சொன்னது

மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பி, மொட்டைமாடியில் துணி நிற்காமல் பறந்துகொண்டிருந்த நாள். பக்கத்து வீட்டு மாடியில் கனி மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுடைய வீட்டுக்காரர் எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். நான் அந்த மெட்டை முனகிக்கொண்டே கிளிப் மாட்டிக்கொண்டிருந்தேன்.

“என்னக்கா, அண்ணாச்சி பாட்ட நீங்க பாடுதீக?”

“எந்த அண்ணாச்சி?”

“ஒங்க வீட்டுல எத்தன அண்ணாச்சி இருக்காவ? குளிக்கையில பாடுவாவல்லா, அது.”

கிளிப் கையிலேயே நின்றது.

“எங்க அடுப்படி சன்னலும் ஒங்க குளியலற சன்னலும் எதுத்தாப்புலதான இருக்கு,” என்றாள் கனி. “டெய்லி இதத்தான் கேட்டுக்கிட்டு தோச சுடுதேன். எங்க வீட்டுல அவுகளும் சாம்பிராணி போடும்போது இதத்தான் முனங்குதாவ. முருகனுக்கு ஒங்க மாதா பாட்டு.”

“எப்பலருந்து பாடுதாரு?”

“பொங்கலுக்கு வெள்ளையடிச்சோம்லா, அப்பவே பாடுனாவ. மொதல்ல பாதிதான் இருந்துச்சி. ஏறும், அப்பிடியே நின்னுரும். மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போயிட்டு வந்து கேட்டா, அந்தச் சறுக்குத மாதிரி ஒண்ணு வருமே, அது வந்திருந்துச்சி.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “ஒங்களுக்குக் கேக்காதாக்கா? ஒங்க வீட்டுக்குள்ளதான பாடுதாவ.”

கேட்டிருக்கிறது. அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு சுவர். காலையில் நான் காப்பி போடும்போதும் தேங்காய் துருவும்போதும் அந்த மெட்டு சுவர் வழியாக வந்துகொண்டே இருந்திருக்கிறது. அது அவரோடு சேர்ந்த சத்தம். தொண்டை கனைப்பது, செருப்பைத் தேய்ப்பது, வாளியை நகர்த்துவது போல. எல்லாவற்றுக்கும் தேதி சொல்லுகிறவள், அதைப் பாட்டாகக் கேட்கவே இல்லை. கடைசியில் அவர் கண்ணை மூடி முழுதாகப் பாடியபோது, எங்கேயோ கேட்டது என்று சொல்லிவிட்டேன்.

அவருக்கும் தெரியாது. தான் குளிக்கும்போது பாடுவதே அவருக்குத் தெரியாது. அன்று காலைதான் அந்த மெட்டு வானத்திலிருந்து விழுந்தது என்று நினைத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்திருக்கிறார்.

துணியைப் பாதியில் விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். சிரிப்புத்தான் முதலில் வந்தது. அவருக்கு மனைவியாக இல்லாத எவளிடம் பாடியிருந்தாலும் புதிது என்று சொல்லியிருப்பாள். சிரித்து முடித்த பிறகு வேறொன்று தோன்றியது. அப்படியானால் இதற்கு முன்னால்?

மாடத்துக் கதவு

அன்று மாலை கோயிலில் பயிற்சி. தனக்குப் பாட்டு இல்லாவிட்டாலும், குழுவுக்குச் சொல்லிக்கொடுக்க அவர் போயிருந்தார். பாடகர் மாடத்துக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சென்னையிலிருந்து வந்த பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது, வயலினும் மேளமுமாக. பயிற்சி நேரத்தில் நான் அந்தக் கதவைத் தட்டியது அதுதான் முதல் முறை.

மெற்றில்டா திறந்தாள். அவர் என்னைப் பார்த்து, “வீட்டுல யாருக்கும் ஏதுமா?” என்றார்.

“அந்த மெட்டு உங்க மெட்டுதான்,” என்றேன்.

“எப்படிச் சொல்லுத?”

“நீங்க குளிக்கையில பாடினது. தை மாசத்துலருந்து. அதத்தான் நான் கேட்டிருக்கேன்.”

“நான் குளிக்கையில பாடுதேனா?”

“அண்ணே,” என்றாள் மெற்றில்டா, “பூசையில நன்மை வாங்க வரிசையில நிக்கும்போதே நீங்க பாடுவீங்க.”

குழுவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மாடத்தின் மரக்கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

“அப்ப மத்ததெல்லாம்?”

“எது?”

“நீ வேண்டாம்னது.”

எல்லாம் சினிமாதான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சிலவற்றுக்கு என்னால் படமும் வருடமும் சொல்ல முடியும், அவை உண்மையிலேயே வேறொருவருடையவை. ஆனால் படம் சொல்லாமல், ‘கேட்ட மாதிரி இருக்கு’ என்று மட்டும் சொன்னவையும் உண்டு. அவர் வாதாடாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனவை. அவற்றில் எது வெளியே கேட்டது, எது சுவர் வழியாகக் கேட்டது? விட்ட மெட்டை அவர் திரும்பப் பாடியதே இல்லை. எனக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை.

“தெரியல,” என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்ததா என்று இப்போது வரைக்கும் எனக்குப் புரியவில்லை. பிறகு மெற்றில்டா பக்கம் திரும்பி, “அந்தப் பாட்ட நிறுத்து,” என்றார். “எல்லாரும் உக்காருங்க. புதுசா ஒண்ணு.”

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

கொடியேற்றத்தன்று கச்சான் காற்றில் கொடி கயிற்றில் சுற்றிக்கொண்டு பாதியில் நின்றுவிட்டது. ஆட்கள் இழுத்து விடுவிக்கும் வரை, அவர் கையைச் சுழற்றிச் சுழற்றிக் கடைசிச் சரணத்தைத் திரும்பத் திரும்பப் பாடவைத்தார். அந்தச் சறுக்கும் இடம் ஒவ்வொரு முறை வந்தபோதும் முற்றத்தில் ஒரு சத்தம் இல்லை. பின்வரிசையில் யாரும் வேறு வரி பாடவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் அந்தப் பாட்டைக் கேட்டேனா, அதற்கு முன்னால் வேண்டாம் என்று சொன்னவற்றை நினைத்துக்கொண்டிருந்தேனா என்று கேட்டால், சொல்லத் தெரியவில்லை.

காலைச் சத்தம்

திருவிழா முடிந்த பிறகு ஒரு நாள் மாடியில் கனி கேட்டாள். “அண்ணாச்சிக்கு ஒடம்பு சரியில்லையாக்கா? சத்தத்தையே காணும்.”

அப்போதுதான் கவனித்தேன். குளியலறையிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன். “குளிக்கையில பாடுததில்லையா இப்ப?”

“நீ கேட்டுருவல்லா,” என்றார். சண்டைக்காகச் சொல்லவில்லை. சாதத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டே, உப்புக் கூடுதல் என்பதுபோலச் சொன்னார். “முன்னாலயே கேட்டுட்டா ஒனக்குப் புதுசாத் தெரியாதுல்லா.”

இனிமேலும் என்னிடம்தான் முதலில் பாடுவார். அதில் மாற்றமில்லை. என் காதைப் புதிதாக வைத்துக்கொள்வதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்த மெட்டு தையிலிருந்து மாசி வரைக்கும் குளியலறையில் முனகி முனகித்தானே முழுதாக வளர்ந்தது? முனகாமல் எங்கே வளரும்? இதை அவரிடம் சொன்னால், முனகும்போதெல்லாம் தான் முனகுவது அவருக்கு ஞாபகம் வந்துவிடும். சொல்லாவிட்டால் ஊமையாகவே குளிப்பார். எது உதவி, எது உபத்திரவம் என்று யோசித்து யோசித்து, நாகர்கோவில் வாசகிக்கு எடுத்துவைத்த தாள் வெறுமையாகவே கிடக்கிறது.

இப்போது அவர் குளிக்கப் போனதும் நான் மிக்ஸியைப் போடுகிறேன். தேங்காய்ச் சட்னி, மல்லிச் சட்னி, இல்லாவிட்டால் ஊறவைத்த பருப்பு. எங்கள் மிக்ஸி பழையது, போட்டால் வீடே அதிரும். முதல் நாள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, “குசினிக்குள்ள என்ன கப்பலா ஓடுது?” என்றார்.

“சட்னி,” என்றேன்.

மறுநாளும் கேட்டார். மூன்றாம் நாள் கேட்கவில்லை. புரிந்துகொண்டாரா, சலித்துவிட்டாரா, தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு, நான் மிக்ஸியைப் போட்ட பிறகுதான் குளியலறைத் தாழ்ப்பாள் விழுகிறது.

கனி ஒருநாள் மாடியில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “எங்கிட்டச் சொல்லாத,” என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மிளகாயைக் கிளறப் போய்விட்டாள்.

இன்று காலையும் அப்படித்தான். தேங்காய் சீக்கிரமே மசிந்துவிட்டது. மிக்ஸியின் இரைச்சலுக்குள் அவர் பாடிக்கொண்டிருக்கலாம், பாடாமலும் இருக்கலாம். சுவிட்சின் மேல் என் விரல் இருந்தது. கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, மறுபடியும் ஓடவிட்டேன்.